பேட்ஜின் முதுகு

டீச்சர், முசிறி போய்ச் சேர்றதுக்குள்ள உங்களை வயிறு வலிக்கச் சிரிக்க வெக்கிறேன். ஆனா இப்ப இல்ல. குணசீலம் தாண்டணும். அதுக்கு முன்னால சிரிச்சிட்டீங்கன்னா கதை கெட்டுப்போயிடும்.

டீச்சர்னு எப்படித் தெரியும்னு பாக்குறீங்களா? மடியில பேப்பர் கட்டு, விரல்ல சிவப்பு மை, நான் வந்து உக்காந்ததும் "காலை மடக்கி உக்காரு"ன்னீங்களே, அந்தக் குரல். ஒரு தடவை கேட்டா எனக்குப் போதும். எந்தக் குரலா இருந்தாலும் தொண்டையில ஒட்டிக்கும். இருங்க, படிக்கட்டுல நிக்கிற கூட்டத்தைப் பாருங்க. "உள்ள போ, உள்ள போ, நடுவுல இடம் இருக்குல்ல, ஏறி வாப்பா." போனாங்களா? கண்டக்டர் இன்னும் டீக்கடையில நின்னு வாய் கொப்பளிச்சிட்டு இருக்காரு. இதுக்குச் சிரிக்காதீங்க. இது சும்மா.

விஷயம் அம்பலவாணன்னு ஒரு ஆளைப் பத்தி. இங்க திருச்சியில, உறையூர்ல இருக்கான். ரிட்டயரான ஆளு, வயசு அறுபத்தஞ்சு இருக்கும். அவன் இவன்னு பேசறேன்னு முறைக்காதீங்க, முழுக்கக் கேட்டா நீங்களும் அப்படித்தான் பேசுவீங்க. அந்த ஆளுக்கு வேலை என்னன்னா எலெக்‌ஷன் பேட்ஜ் சேர்க்கிறது. சட்டையில குத்திக்கிட்டு ஓட்டுக் கேட்டுப் போவாங்களே, தகரத்துல, வட்டமா, தலைவர் படமோ சின்னமோ போட்டு, அது. நாலாயிரத்துச் சொச்சம் வெச்சிருக்கான். எல்லாம் கண்ணாடிப் பெட்டியில, நீல வெல்வெட்டு மேல. ஊர் ஊராப் போய்ப் பழைய டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொல்லி, கெஞ்சி, குழைஞ்சு வாங்கிட்டு வருவான். பேசறதைக் கேளுங்க, ஒவ்வொரு வார்த்தையையும் தராசுல வெச்சு எடுப்பான். "அம்மா. இது. தகரம் இல்ல. சரித்திரம்."

எங்க அம்மாகிட்டயும் அப்படித்தான் வந்து நின்னான்.

எங்களுக்கு முசிறியில இஸ்திரிக்கடை. கடைன்னா தள்ளுவண்டி, மேல ஒரு தார்ப்பாய். அம்மா பேரு பவுனம்மா. இப்பப் பார்த்தா நம்ப மாட்டீங்க, யாராவது ரெண்டு வார்த்தை பேசினா ஒரு வார்த்தைதான் பதில் வரும். ஆனா ரெண்டாயிரத்து ஒண்ணுல, நான் பொறக்கறதுக்கு ரொம்ப முன்னாடி, பேரூராட்சி எலெக்‌ஷன்ல ஒன்பதாம் வார்டுக்கு சுயேச்சையா நின்னாங்க. எங்க தெருவுக்குக் குழாய் போடலைன்னு கோபம். சின்னத்துக்கு மூணு பேரு எழுதிக் குடுங்கன்னு சொன்னாங்களாம். அம்மா மூணு இடத்துலயும் இஸ்திரிப் பெட்டின்னே எழுதிக் குடுத்தாங்களாம். அதிகாரி தலையில அடிச்சிக்கிட்டாராம். வாபஸ் வாங்கறவங்க எல்லாம் வாங்கி முடிச்சு, அம்மாவுக்கு இஸ்திரிப் பெட்டியே கிடைச்ச மறுநாள், அப்பா திருச்சிக்குப் போய் அம்பது பேட்ஜ் அடிச்சிட்டு வந்தாரு. அம்மா படம், கீழே இஸ்திரிப் பெட்டி, சுத்தி எழுத்து. அம்மாவுக்கு விழுந்தது அறுபத்தோரு ஓட்டு.

அம்பதுல மிஞ்சினது ஒண்ணே ஒண்ணு. ஓட்டுப் போடற அன்னைக்கு அம்மா அதைக் குத்திக்கிட்டே ஸ்கூல் வாசலுக்குப் போயிட்டாங்க. போலீஸ்காரர் "கழட்டும்மா அதை"ன்னு விரட்டினதுல அவசரமாப் பிடுங்கி, ஊக்கு ஒடிஞ்சு போச்சு. அன்னைக்கு ராத்திரியே அப்பா அம்மாவோட கொண்டை ஊசியை வெட்டி, ஈயத்தை உருக்கி, முதுகுல பத்த வெச்சுக் குடுத்தாராம். அசிங்கமா, மூக்குச் சளி காய்ஞ்ச மாதிரி ஈயம் வழிஞ்சு நிக்கும். அப்பா போய் ஆறு வருஷம் ஆச்சு. அம்மா எப்பவாவது டிரங்கைத் திறந்தா அதை எடுத்துக் கவிழ்த்துப் போட்டு, பெருவிரலால முதுகைத் தேய்ச்சிக்கிட்டே உக்காந்திருப்பாங்க. துரு எடுக்கறாங்கன்னு நினைச்சுப்பேன்.

நீங்க எலெக்‌ஷன் டூட்டி பார்த்திருக்கீங்களா? ஏழு தடவையா? அப்ப உங்களுக்கு இந்தக் கதை இன்னும் நல்லாப் புரியும்.

அம்பலவாணன் போன வருஷம் ஆடி மாசம் வந்தான். அந்தப் பேட்ஜை வாங்கி, சட்டைப் பையிலேர்ந்து லென்ஸ் எடுத்தான். அதுல இருந்த அம்மா முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கலை, உடனே கவிழ்த்தான். "பேட்ஜோட முகத்தைப் பார்க்காதே பாப்பா, முதுகைப் பாரு. முகம் பொய் சொல்லும். முதுகைப் பார்த்தா எந்த ஊர்ல எந்தக் கடையில எந்த மெஷின்ல அடிச்சதுன்னு சொல்லிடுவேன்." அப்புறம் அந்த ஈயத்தைத் தடவி, கண்ணை மூடி, கோயில்ல நிக்கிற மாதிரி, "ஆகா. இந்த ஊசி இருக்கே. இதுதான். இதுதான் சரித்திரம்"னான். எனக்குச் சிரிப்பு அடக்க முடியலை. கொண்டை ஊசியாம், சரித்திரமாம். ஒரு வாரம் கண்காட்சியில வெச்சிட்டுத் தர்றேன்னு வாங்கிட்டுப் போனான்.

அந்த ஒரு வாரம் பதினஞ்சு மாசம் ஆச்சு.

அம்மா மூணு தடவை கேட்டாங்க. ரெண்டு தடவை ஃபோன்ல. மூணாவது தடவை வண்டியை மூடி வெச்சிட்டு இதே பஸ்ல உறையூருக்கே போனாங்க. கிரில் கதவைக்கூடத் திறக்கலை டீச்சர். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டுச் சொல்லியிருக்கான். "உங்க வீட்டுல இருந்தா கரிக்குள்ள கிடக்கும்மா. எங்கிட்ட இருந்தா நூறு வருஷம் இருக்கும். பேரு நிலைக்கணுமா, வேண்டாமா?" அம்மா திரும்பி வந்துட்டாங்க. "அதை எப்படியாவது வாங்கணும்டி"ன்னு ஒரே ஒரு தடவை எங்கிட்ட சொன்னாங்க. அதுக்கப்புறம் அந்தப் பேச்சே எடுக்கலை.

இந்த ஜனவரியில அவன் கண்காட்சி எங்க ஸ்கூலுக்கே வந்தது. நான் போய்ப் பார்த்தா, அம்மா பேட்ஜ் கடைசிப் பெட்டியில கிடக்கு. கூட சாமியார் ஒருத்தர், குரங்கைத் தோள்ல வெச்சிட்டு நின்ன ஒருத்தர். பெட்டிக்கு மேல அழகா ஸ்டென்சில்ல எழுதியிருந்தான்: வேடிக்கை வேட்பாளர்கள். என் கிளாஸ் பிள்ளைங்க எல்லாம் பார்த்துச் சிரிச்சதுங்க. "தமயந்தி, உங்க அம்மாவுக்குப் பக்கத்துல குரங்கு"ன்னு ஒருத்தி.

நான் என்ன பண்ணுவேன், எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். அங்கேயே ஒரு பெஞ்ச் மேல ஏறி அந்த ஆளு மாதிரியே பேசினேன். "மாணவ மணிகளே. இது. என் மூக்குக் கண்ணாடி இல்ல. சரித்திரம். இது. என் தொந்தி இல்ல. சரித்திரம்." கூட்டம் விழுந்து விழுந்து சிரிச்சது. திடீர்னு சத்தம் அடங்கிப் போச்சு. திரும்பிப் பார்த்தா பின்னாடி நிக்கிறான். ஹெட்மிஸ்ட்ரஸும் நிக்கிறாங்க. கோபமே படலை. என்னை மேலயும் கீழயும் பார்த்தான், பேட்ஜைப் பார்க்கிற மாதிரி. "குரல் இருக்கு. தலையில ஒண்ணும் இல்ல"ன்னு சொல்லிட்டுப் போயிட்டான். ஒரு வாரம் என்னை கிளாஸுக்கு வெளிய நிக்க வெச்சாங்க. நின்ன ஒரு வாரமும் யோசிச்சேன். உனக்குக் குரலாலயே வெக்கிறேன்டா ஆப்புன்னு.

இல்ல டீச்சர், இன்னும் குணசீலம் வரலை. பொறுங்க.

முதல் ஃபோன் அவினாசியிலேர்ந்து. "ஏனுங்க, அம்பலவாணனுங்களா? நானுங்க, அப்பாச்சி பேசறனுங்க. நானும் இந்தப் பேட்ஜு சேர்க்கற கிறுக்குத்தானுங்க." அம்பலவாணன் உடனே வாங்க போங்கன்னு குழைஞ்சான். அப்பாச்சி ஐயா மெதுவா விஷயத்தைச் சொன்னாரு. எழுபத்தொண்ணுல முசிறிப் பக்கம் தாண்டவராயன்னு ஒரு சுயேச்சை. ரயில் எஞ்சின் சின்னம். பேட்ஜ் எல்லாம் அடிச்சு வெச்சிட்டு, கடைசி நாள் பயந்துபோய் வாபஸ் வாங்கிட்டாரு. மூட்டை மூட்டையாப் பேட்ஜைக் காவிரியில கொட்டிட்டாங்க. தப்பிச்சது ஒண்ணே ஒண்ணு. "அது கெடச்சா என்ன வேணாலும் குடுப்பனுங்க."

தாண்டவராயனும் இல்ல, எஞ்சினும் இல்ல. சாயந்திரம் துணி மடிக்கும்போது நான் பெத்துப் போட்ட ஆளு.

அந்தப் பக்கம் அம்பலவாணன் எல்லாத்தையும் கேட்டு முடிச்சான். அப்புறம் மெதுவா, "வாபஸ் வாங்கிட்டாரா?"ன்னான். "ஆமாங்க." "எஞ்சின் சின்னமா?" "ஆமாங்க." "அப்ப அது ரொம்ப, ரொம்ப அபூர்வம்"னான். குரலே மாறிப்போச்சு டீச்சர். தூண்டில்ல மீன் கடிச்சா கையில ஒரு அதிர்வு தெரியும்ல, அப்படி இருந்தது.

ரெண்டாவது ஃபோன் வேற நம்பர்லேர்ந்து. சென்னை, டாக்டர் வசுமதி. "மிஸ்டர் அம்பலவாணன், எங்க ஆராய்ச்சியில தாண்டவராயன் பேட்ஜ் பத்தி ஒரு குறிப்பு இருக்கு. ஆனா அவினாசியில யாரோ புரளி கிளப்பறாங்கன்னு கேள்விப்பட்டேன்." அவன் அதைக் கொண்டுபோய் அப்பாச்சிகிட்ட சொன்னான். அப்பாச்சி கோவிச்சுக்கிட்டாரு. அதைக் கொண்டுபோய் வசுமதிகிட்ட சொன்னான். வசுமதி எகிறினாங்க. பத்து நாள் நானே எங்கூடச் சண்டை போட்டேன். ஒரு நாள் ரெண்டு பேரையும் ஒரே நேரத்துல லைன்ல வரச் சொன்னான். ரெண்டு காதுலயும் ரெண்டு ஃபோன் வெச்சிட்டு முக்கால் மணி நேரம் பேசினேன், தொண்டை கட்டிப்போச்சு. பாவம், அக்கறையா விசாரிச்சான். "டாக்டரம்மா, வெந்நீர் குடிங்க. அப்பாச்சி ஐயா, உங்களுக்கும் அதே ஜலதோஷமா?"ன்னான். அவ்வளவு நம்பிக்கை.

இதுக்கு நடுவுல பேட்ஜ் அடிக்கணும்ல? சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஒரு ஸ்டிக்கர் கடை இருக்கு. கல்யாணத்துக்கு, கண்ணீர் அஞ்சலிக்கு, எல்லாத்துக்கும் பேட்ஜ் அடிப்பாங்க. கைப்பிடியை இழுத்தா டக்குனு மடிச்சு விடும். மூணுக்குக் குறைஞ்சு அடிக்க மாட்டேன்னுட்டான், அதனால மூணு. அந்த மெஷின்ல ஒரு பல் உடைஞ்சிருக்கும்போல. விளிம்புல ஒரு இடத்துல தகரம் சரியா மடங்காம பிசிறா நிக்கும். இதோ பாருங்க, பிளாஸ்திரி. அதுல கீறினதுதான். ரெண்டை அப்படியே வெச்சிக்கிட்டேன். ஒண்ணை மட்டும் டீத் தண்ணியில ஊறப்போட்டு, உப்புத் தடவி, மொட்டை மாடியில எட்டு நாள் காய வெச்சேன். துருப் பிடிச்சு, அம்பது வருஷம் ஆன மாதிரி ஆயிடுச்சு.

தாண்டவராயன் படத்துக்கு என்ன பண்ணினேன்னு கேக்கலையே. என் படம்தான். பெரிய மீசை வரைஞ்சு, தலைப்பாகை வெச்சு, கறுப்பு வெள்ளையாக்கி. நில்லுங்க, சிரிக்காதீங்க, இது இல்ல அது.

அப்புறம் நான் தமயந்தியாவே ஃபோன் பண்ணினேன். இஸ்திரிக்கு வந்த ஒரு பழைய சட்டைப் பையில பேட்ஜ் ஒண்ணு கிடைச்சது, ரயில் எஞ்சின் போட்டிருக்கு, உங்களுக்கு வேணுமான்னு அப்பாவியாக் கேட்டேன். முகத்தையும் முதுகையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னான். அனுப்பினேன். அம்மாவோட பேட்ஜைக் குடுத்தா இதைத் தர்றேன்னேன். உடனே சரின்னு சொல்லலை. "நாலு நாள் பொறும்மா, மனசைத் தேத்திக்கணும்"னான். பார்த்தீங்களா, கல்லு மனசுக்காரனுக்கும் பிரியறதுக்கு நாலு நாள் வேண்டியிருக்கு.

இன்னைக்குக் காலையில போனேன். எங்க அம்மாவை நிக்க வெச்ச அதே கிரில். எனக்கு அகலமாத் திறந்தான். நாற்காலி போட்டான், காப்பி குடுத்தான். நான் தாண்டவராயனை எடுத்து நீட்டினேன். வாங்கினான். லென்ஸை எடுப்பான், கவிழ்ப்பான், அவ்வளவுதான்னு நினைச்சேன். லென்ஸையே எடுக்கலை டீச்சர். கவிழ்க்கக்கூட இல்ல. முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்தான். அந்த மீசையை, தலைப்பாகையை. "இந்த முகத்துல ஒரு களை இருக்கு"ன்னான். அப்புறம் என்னைப் பார்த்தான். திரும்ப அதைப் பார்த்தான். வாயைத் துண்டால பொத்திக்கிட்டு, தோள் குலுங்க, எழுந்து உள்ளே போயிட்டான். ரெண்டு மூணு நிமிஷம் ஆச்சு. திரும்பி வரும்போது கண்ணெல்லாம் தண்ணி. ஒரு தகரத்துக்காக அழுதுட்டு வர்றான், கிழவன்.

அப்புறம் அம்மா பேட்ஜை ஒரு வெல்வெட்டுப் பையில போட்டுக் குடுத்தான். அதையும் பளபளன்னு துடைச்சு, அந்த அசிங்கமான ஈயத்தை எல்லாம் எடுத்துட்டு, புது ஊக்குகூடப் போட்டு வெச்சிருக்கான். மூணு தடவை கேட்டும் குடுக்காத மனுஷன் எனக்குப் பயந்து வேலை செஞ்சிருக்கான் பாருங்க. ஒரு வெள்ளைத் தாள்ல எழுதி வாங்கிக்கிட்டான். என் தாயாரின் பேட்ஜைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன், தாண்டவராயன் பேட்ஜை அளித்தது நான், இப்படிக்கு தமயந்தி. "அடுத்த மாசம் கண்காட்சியை முதல்ல உங்க ஸ்கூல்லதான் வெக்கப் போறேன். இதைத் தனியா வெச்சு, கீழே உன் கையெழுத்தையும் வெக்கிறேன்"னான். வெய்யா, நல்லா வெய்யின்னு நினைச்சிக்கிட்டேன். அன்னைக்கு அதே பெஞ்ச் மேல ஏறி, தாண்டவராயன் யாருன்னு எல்லார் முன்னாலயும் சொல்லப் போறேன். அந்த ஆளு மூஞ்சி எப்படிப் போகும்?

அந்தா, குணசீலம். இப்பச் சிரிங்க டீச்சர்.

ஏன் சிரிக்கலை?

கேளுங்க. ஒண்ணு என்ன, எத்தனை வேணாலும் கேளுங்க.

ஆமா, சுயேச்சைதான். ஆமா, வாபஸ் வாங்கின ஆளு, கடைசி நாள்ல. ரயில் எஞ்சின் சின்னத்தோட பேட்ஜ். அதுல என்ன இருக்கு?

சின்னம் எப்பக் குடுப்பாங்க?

வாபஸ் நாள் முடிஞ்ச பிறகா? அதுக்கு முன்னாடி சுயேச்சைக்குச் சின்னமே கிடையாதா? எல்லா எலெக்‌ஷன்லயுமா? அப்ப வாபஸ் வாங்கின ஆளுக்கு எஞ்சினே கிடைச்சிருக்காதா?

எங்க அம்மாவுக்கும் அப்படித்தான். வாபஸ் எல்லாம் முடிஞ்சுதான். நானே சொன்னேன்ல, இப்பத்தான்.

இல்ல டீச்சர். அவனுக்கு அது தெரிஞ்சிருக்காது. நாலாயிரம் பேட்ஜ் வெச்சிருந்தாலும் எல்லாம் தெரியணும்னு இருக்கா? தெரிஞ்சிருந்தா முதல் ஃபோன்லயே வெச்சிருப்பானே. "வாபஸ் வாங்கிட்டாரா? எஞ்சின் சின்னமா?"

கேட்டான்ல. ரெண்டையும் தனித்தனியா நிறுத்திக் கேட்டான்.

முதுகுப் படத்தையும் கேட்டு வாங்கினான். அதுக்கப்புறம்தான் நாலு நாள்.

இருங்க, பையைப் பிடிங்க. இது மிச்சம் இருக்கிற தாண்டவராயன் ரெண்டு. இது அம்மா. மூணையும் கவிழ்க்கிறேன். ஊக்கைப் பாருங்க. மூணும் ஒரே ஊக்கு. இந்த விளிம்பைத் தடவிப் பாருங்க. இல்ல, தொடாதீங்க, கீறிடும். தாண்டவராயன்ல இந்த இடம். அம்மாவுல

அதே இடம்.

ஈயத்தை எடுத்த தழும்பு இல்ல. ஈயமே இருந்ததில்ல. இது அந்த ஸ்டிக்கர் கடையில அடிச்சது. இந்த வாரம் அடிச்சது.

அப்பா வெச்ச ஊசி அங்கதான் இருக்கு. உறையூர்ல. திருப்பி வாங்கிட்டேன்னு என் கையாலயே எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கேன்.

அம்மா முதல்ல முகத்தைப் பார்க்க மாட்டாங்க டீச்சர். வாங்கின உடனே கவிழ்ப்பாங்க. பெருவிரலை வெச்சுத் தேய்ப்பாங்க. துருவை இல்ல. எனக்கு இப்பத்தான் தெரியுது, துருவை இல்ல.

டீச்சர், அவன் துண்டால வாயைப் பொத்திக்கிட்டு உள்ளே போனான்ல. மூணு நிமிஷம் உள்ளே இருந்தான்ல.

அழறதுக்கு இல்ல.